ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் டிகிரி: சேரும் முன்பும் சேர்ந்த பிறகும் செய்யக் கூடாத தவறுகள்

பிரிட்டனில் ஹெல்த் அண்ட் சோஷியல் கேர், அதாவது உடல்நலமும் சமூகப் பராமரிப்பும், படிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, முடித்துவிட்டு என்னவாகப் போகிறீர்கள் என்பதைத்தான். நர்ஸ் என்பார்கள், இல்லையென்றால் சோஷியல் வொர்க்கர். கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் இந்த டிகிரி அந்த இரண்டு வேலைக்கும் நேராகக் கொண்டுபோய் விடாது. மூன்று வருடம் படித்து, கடனும் ஏறி, பட்டமளிப்பு விழாவில் அங்கி போட்டுப் போட்டோ எடுத்த பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இதைத் தெரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை முதல் தவறாக வைக்கிறேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே நர்ஸாக வேலை செய்ய நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். எல்லோரும் என்எம்சி என்றுதான் சொல்வார்கள். இங்கே படித்து அந்தப் பதிவேட்டுக்குள் போக அவர்கள் அங்கீகரித்த நர்சிங் படிப்புதான் வழி, அதில் பயிற்சிக்கு மட்டுமே 2,300 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். சோஷியல் வொர்க்கர் என்ற பெயரையே சட்டம் பாதுகாக்கிறது. இங்கிலாந்தில் சோஷியல் வொர்க் இங்கிலாந்து என்ற அமைப்பில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி அமைப்புகள். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி மாதிரி 15 தொழில்களை ஹெச்சிபிசி என்ற இன்னொரு பதிவு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் என்று மட்டும் பெயர் போட்ட டிகிரி இந்த எந்தப் பதிவேட்டுக்கும் நுழைவுச் சீட்டு ஆகாது. நர்சிங் மாணவர்களில் தகுதி உள்ளவர்களுக்கு இங்கிலாந்தில் என்ஹெச்எஸ் எனும் அரசு மருத்துவச் சேவை வருடத்துக்கு 5,000 பவுண்டு உதவித்தொகை தருகிறதே, அதுவும் இந்த டிகிரிக்குக் கிடையாது.

இதற்காகப் படிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சப்போர்ட் வொர்க்கர், கேர் கோஆர்டினேட்டர், கவுன்சில் வேலைகள், தொண்டு நிறுவன வேலைகள், பின்னாளில் கேர் ஹோம் எனும் பராமரிப்பு இல்லத்தின் மேனேஜர் வரைக்கும் போக இதில் வழி இருக்கிறது. இதை முடித்துவிட்டு இரண்டு வருட நர்சிங் அல்லது சோஷியல் வொர்க் மாஸ்டர்ஸில் சேர்ந்தவர்களும் உண்டு, ஆனால் அதற்கு என்ன மதிப்பெண், எத்தனை மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள் என்பதை முதல் வருடத்திலேயே பார்த்து வைக்க வேண்டும். ஏஜென்ட் வாயால் சொன்னதை நம்பிச் சேராதீர்கள். அந்தப் பதிவு அமைப்புகளின் தளத்தில் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் இருக்கிறது, உங்கள் படிப்பின் சரியான பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் போட்டு நீங்களே தேடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் இல்லைதான்.

அப்புறம் வேலை. கேர் ஹோமில் ஷிஃப்ட் கிடைப்பது எளிது, படிப்போடு பொருந்துகிறது, கையில் காசும் வருகிறது. ஸ்டூடன்ட் விசாவில் டிகிரி படிப்பவர்களுக்குப் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி, அந்த வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு முடிகிறது. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. யாரோ லீவு போட்டார்கள் என்று மேனேஜர் கெஞ்சிக் கேட்கும்போது மறுக்க மனம் வராது, இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பொதுவாக இளகிய மனசுக்காரர்கள். ஆனாலும் மறுத்துவிடுங்கள், அந்த ஒரு ஷிஃப்ட்டால் விசாவே போகலாம். விசா பிரச்சினை இல்லாதவர்களும் வரிசையாக நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்குவதைப் பார்க்கிறேன். அந்தத் தூக்கக் கலக்கத்தோடு ஒருவரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்கும்போது கை தவறினால் அடி படுவது அவருக்கு.

பாடத்துக்கு வருகிறேன். பிரிட்டன் என்று ஒரே நாடாக நினைத்துக்கொண்டு சட்டத்தை எழுதுவது அடிக்கடி நடக்கிற தவறு. சமூகப் பராமரிப்பைப் பற்றிய 2014ஆம் ஆண்டின் கேர் ஆக்ட் இங்கிலாந்துக்கானது, வேல்ஸுக்கு அதே வருடம் வந்த வேறு சட்டம் இருக்கிறது. முடிவெடுக்கும் திறனைப் பற்றிய மென்டல் கெபாசிட்டி ஆக்ட் 2005 இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும், ஸ்காட்லாந்தில் 2000ஆம் ஆண்டின் சட்டம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் படித்துக்கொண்டு இங்கிலாந்துச் சட்டத்தை மேற்கோள் காட்டினால் மதிப்பெண் போகும், வேலையில் அப்படிச் செய்தால் அதைவிடப் பெரிய சிக்கல்.

அந்த மென்டல் கெபாசிட்டி ஆக்ட்டை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிடாதீர்கள், தயவு செய்து. என்னைக் கேட்டால் மூன்று வருடத்தில் படிப்பதிலேயே முக்கியமானது அதுதான். அதில் ஐந்து கொள்கைகள் இருக்கின்றன. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே தொடங்க வேண்டும். அவரே முடிவெடுக்க நம்மால் முடிந்த எல்லா உதவியையும் செய்ய வேண்டும். அவர் எடுக்கிற முடிவு நமக்கு முட்டாள்தனமாகத் தெரிவதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது. உண்மையிலேயே திறன் இல்லையென்றால் நாம் எடுக்கும் முடிவு அவர் நலனுக்காக இருக்க வேண்டும், அவருடைய உரிமையையும் சுதந்திரத்தையும் முடிந்த அளவு குறைவாகத் தொட வேண்டும். இதில் மூன்றாவதில்தான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியவர் இனிப்பு வேண்டும் என்கிறார், அதனால் என்ன ஆகும் என்பதும் அவருக்குப் புரிகிறது. நம் வீட்டில் என்றால் பாசத்தோடு தட்டைப் பிடுங்கிவிடுவோம். இங்கே அந்தப் பாசம் அவருடைய உரிமையை எடுத்துக்கொள்கிறது. விளக்கிச் சொல்லலாம், வேறு ஏதாவது எடுத்துக் கொடுத்துப் பார்க்கலாம், கடைசியில் முடிவு அவருடையது. இன்னொன்றும் இருக்கிறது, டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று ஃபைலில் எழுதியிருப்பதால் எல்லா முடிவுக்கும் திறன் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. எந்த முடிவு, எந்த நேரத்தில் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வீட்டை விற்பதைப் பற்றி முடிவெடுக்க முடியாத ஒரு அம்மா இன்று எந்த உடை போடுவது என்று நன்றாகவே முடிவெடுப்பார்.

மொழி தெரியும் என்பதால் மொழிபெயர்க்க முன்வருவதும் ஒரு தவறு, இதை நானே செய்தேன். என் முதல் பிளேஸ்மென்டில், அதாவது படிப்பின் பகுதியாக வேலையிடத்தில் பெறும் பயிற்சியில், ஒரு தமிழ்ப் பாட்டி இருந்தார், வலி எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல்லும்படி நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். பாட்டி ஐந்து நிமிடம் பேசினார். நான் எல்லாவற்றையும் சுருக்கி, முழங்கால் வலிக்கிறது என்று சொன்னேன். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நடுவில் ஒரு வரி சொன்னது என் காதில் விழுந்தது, வலியைத்தானே கேட்டார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து வந்த டாக்டரிடம் பாட்டி மார்பைத் தொட்டுக் காட்டியபோதுதான் அது வெளியே வந்தது. நல்லவேளை, அதற்குள் ஒன்றும் ஆகவில்லை. உடல்நலம், சம்மதம் சம்பந்தமான பேச்சுக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். டீ வேண்டுமா என்று கேட்க உங்கள் தமிழ் தாராளமாகப் போதும்.

அசைன்மென்டில் ரிஃப்ளெக்டிவ் எழுத்துதான், அதாவது நம் அனுபவத்தை நாமே அலசி எழுதுவதுதான், நம்மவர்களைத் திணற வைக்கிறது. கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988இல் கொடுத்த ஆறு படிச் சுழற்சியைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தச் சொல்வார்கள்: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, ஏன் அப்படி நடந்தது, வேறு என்ன செய்திருக்கலாம், இனி என்ன செய்வேன். முதல் படியிலேயே முக்கால் பக்கத்தைச் செலவழித்துக் கதை சொல்லிவிட்டு, கடைசியில் "இதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று முடித்தால் மதிப்பெண் வராது. மதிப்பெண் நான்காவது படியில் இருக்கிறது. ஏன் அப்படி நடந்தது என்று கேட்டு, படித்த கோட்பாட்டை அங்கே கொண்டுவர வேண்டும். நான் தவறு செய்தேன் என்று எழுதப் பயப்படவும் வேண்டாம், தவறே நடக்காத பிளேஸ்மென்டை எந்த டியூட்டரும் நம்பமாட்டார்.

அதே எழுத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெயரை மாற்றிவிட்டால் ரகசியம் காக்கப்பட்டது என்று நினைக்கிறோம். பெயரை மாற்றிவிட்டு வயது, இழந்த கால், முன்பு பார்த்த வேலை, கேர் ஹோம் இருக்கும் தெரு என்று எல்லாவற்றையும் எழுதினால் அந்த ஊர்க்காரர் யாரும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். ரகசியம் மீறப்பட்டால் அசைன்மென்டையே ஃபெயில் செய்கிற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப் குரூப்பில் போடும் போட்டோவுக்கும் இது பொருந்தும், பின்னால் மங்கலாக ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சரி.

காசு கொடுத்து அசைன்மென்ட் எழுதி வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அப்படி எழுதி விற்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம், வாங்கிய மாணவரைப் பல்கலைக்கழகம் வெளியேற்றலாம். எழுதிக் கொடுத்தவரே பின்னாளில் மிரட்டிப் பணம் கேட்டால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

கடைசியாக, பிளேஸ்மென்டுக்கு முன்பு வரும் டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சோதனை. வெளிநாட்டில் இருந்தவர்களிடம் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் கேட்பதுண்டு, அது வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். பல்கலைக்கழகம் மெயில் அனுப்பிய அன்றைக்கே இந்தச் சோதனைக்கான வேலையைத் தொடங்குங்கள், பாஸ்போர்ட்டிலும் விண்ணப்பத்திலும் பெயர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயர் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்ற குழப்பத்தாலேயே நம் ஆட்களுக்குத் தாமதம் ஆகிறது. பழைய வழக்கு, அபராதம் என்று எது இருந்தாலும் மறைக்காமல், சோதனை முடிவு வரும் வரை காத்திருக்காமல், டியூட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.