வைஃபை விட்டுவிட்டு வருகிறதா? பிளானை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் நெட் சுற்றிக்கொண்டே நின்றால் பலரும் முதலில் செய்வது, 50 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு) பிளானை 100 ஆக ஏற்றுவதுதான். மாதாமாதம் கூடுதல் பணம் போகும். உள்ரூமில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு அப்போதும் பாதியில் நிற்கும். தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் லைன் வேறு, வீட்டுக்குள் காற்றில் பரவும் வைஃபை வேறு. கோளாறு எதில் இருக்கிறது என்று பார்க்காமல் காசைச் செலவழிப்பதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பிரித்துப் பார்ப்பது சுலபம். லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரில் நேரடியாக இணைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் படுத்தால், சிக்கல் வீட்டுக்குள்தான். கேபிளிலும் படுத்தால் லைனில். லேப்டாப் இல்லையா, போனை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை, உள்ரூமில் ஒருமுறை எடுத்தாலே ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் காலை பதினொரு மணிக்கு எடுத்துவிட்டு 'எல்லாம் சரியாத்தானே இருக்கு' என்று விட்டுவிடாதீர்கள். தொல்லை எப்போது வருகிறதோ அப்போது எடுக்க வேண்டும். தெரு முழுக்க டிவி ஓடுகிற இரவு எட்டு, ஒன்பது மணிதான் உண்மையைச் சொல்லும்.

இன்னொன்று. 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் கேபிளில் 95ஐத் தாண்டவில்லை என்றால், லேன் கேபிளைச் சந்தேகப்படுங்கள். அதற்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. முனையில் உள்ள பிளக்கில் நாலு கம்பியை மட்டும் அழுத்திப் பொருத்தியிருந்தால் வேகம் நூறுக்குள் அடங்கிவிடும். சில மலிவான ரவுட்டர்களின் லேன் போர்ட்டே நூறோடு நின்றுவிடும். இரண்டிலும் பிளானை ஏற்றிப் பயனில்லை.

சரி, லைன் நன்றாக இருக்கிறது, வைஃபைதான் மோசம் என்று தெரிந்துவிட்டது. ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேபிள் போட வந்தவர் வாசல் ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, ஜன்னலுக்கு மேலேயே ஆணி அடித்து மாட்டியிருப்பார். அவருக்கு அதுதான் சுலபம். நம் வடசென்னையில், ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் நிறைய வீடுகள் ரயில் பெட்டி போல நீளமானவை. பழைய வீடென்றால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த செங்கல் சுவர்கள் வேறு. வாசலில் மாட்டிய ரவுட்டரின் சிக்னலில் பாதி தெருவுக்குப் போகும். மீதி இரண்டு சுவரைக் கடப்பதற்குள் சோர்ந்துவிடும். பத்து மீட்டர் கேபிள் கூடுதலாக வாங்கி, வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல் ரவுட்டரை மாற்றிவைக்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்து கொடுப்பார்கள். நான் சொல்லப்போவதில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது இதுதான்.

டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்கு மேல், ஃபிரிட்ஜ் ஓரம் ஆகிய இடங்கள் வேண்டாம். இரும்பு சிக்னலைத் தடுக்கும். தண்ணீர் அதை உறிஞ்சும் என்பது பலருக்குத் தெரியாது. லாரித் தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம்களும் குடங்களும் வரிசையாக இருக்கும் மூலைக்குப் பின்னால் ரவுட்டர் இருந்தால், அதுவும் ஒரு சுவர்தான். தரையில் வைப்பதும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பதை நாம் மறக்கவில்லை.

அடுத்தது சேனல், அதாவது ரவுட்டர் பேசுகிற அலைவரிசைத் தடம். இதை ரவுட்டர் செட்டிங்கில் மாற்றலாம். நெருக்கமான தெருக்களிலும் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் போனில் வைஃபையைத் திறந்தால் இருபது, முப்பது பெயர்கள் வரிசைகட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற வைஃபை அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. எல்லோரும் 6ல் இருக்கிறார்கள், நாம் காலியாக இருக்கிற 4க்குப் போவோம் என்று மாற்றுவது புத்திசாலித்தனம் போலத் தெரியும்; உண்மையில் நிலைமை இன்னும் கெடும். ஒரே சேனலில் இருக்கிற ரவுட்டர்களில் ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். 4ல் இருப்பது 1லிருந்தும் 6லிருந்தும் வரும் இரைச்சலை வாங்கிக்கொண்டு, அவற்றையும் கெடுக்கும். அதே 2.4ல் சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். பக்கத்து வீடு தொலைவில் இருந்தால் சரி. நம் தெருவில் 20 போதும்.

ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் என்கிற இன்னொரு அலைவரிசையும் இருந்தால் அதற்குத் தனிப் பெயர் கொடுத்து, அதே அறையில் பயன்படுத்தும் போனையும் லேப்டாப்பையும் அதில் சேருங்கள். அது சுவரைத் தாண்டத் திணறும் என்பதால் பக்கத்து வீட்டுச் சத்தமும் நமக்குக் குறைவாகவே வரும். டிவி நகரப்போவதில்லை, அதற்கு லேன் கேபிளே கொடுத்துவிடலாம்.

சிக்னலே வராத அறையில் ரிப்பீட்டரை (வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) செருகுவது வீண். தனக்கே கிடைக்காததை அது எங்கிருந்து அனுப்பும்? பாதி வழியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைவிட, உள்ரூம் வரை ஒரு லேன் கேபிளை இழுத்து, பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை மாட்டுங்கள். அதன் செட்டிங்கில் டிஎச்சிபியை (போன், லேப்டாப்புக்குத் தானாக முகவரி எண் கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் ஐபி எண்ணை, அதாவது முகவரி எண்ணை, முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை வான் (வெளி லைனுக்கான) போர்ட்டில் இல்லாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும்.

ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எரிந்தால் அடாப்டரைப் பாருங்கள். கையில் கிடைத்த ஏதோ ஒரு அடாப்டரைச் செருகக் கூடாது. வோல்ட் ரவுட்டரில் போட்டிருப்பதாகவே இருக்க வேண்டும். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று பிளக் முனைகளை அரித்துவிடும். செருகுமிடம் பச்சை படிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். ரவுட்டர் நின்றுவிட்டால் சுவிட்சை அணைத்துப் போடுங்கள், பின்னால் உள்ள சிறிய துளையில் ஊசியை விட்டு அழுத்தாதீர்கள். அது ரீஸ்டார்ட் இல்லை, ரீசெட். கம்பெனி போட்டுவைத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அழிந்துபோகும். அப்புறம் அவர்கள் திரும்பப் போட்டுக் கொடுக்கும் வரை சுத்தமாக நெட் இருக்காது. ஃபைபர் இணைப்பில் 'எல்ஓஎஸ்' (LOS) என்று போட்டிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தால், வீட்டுக்கு வரும் ஃபைபரில், அதாவது கண்ணாடி இழை ஒயரில், ஒளியே வரவில்லை என்று அர்த்தம். கன்டெய்னர் லாரி தாழ்வான ஒயரை இழுத்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், அலமாரிக்குப் பின்னால் ஃபைபர் மடங்கியிருக்கலாம். மடிப்பை மட்டும் மெதுவாக எடுத்துவிட்டுப் புகார் கொடுங்கள்.

புகாரில் 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி முடித்துவிடுவார்கள். லேன் கேபிளில் எடுத்த ஸ்பீடு டெஸ்ட்டை நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துவையுங்கள். தீர்க்காமல் மூடினால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளில் வழி இருக்கிறது. அங்கே அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.