பால் மறந்த பன்னிக்குட்டிக்கு கழிச்சலா? புரோட்டீனை குறைச்சு தீவனம் கலக்குற முறை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர் பக்கம் எங்க கொட்டாயில குட்டிங்கள 42 நாள்ல தாய்கிட்ட இருந்து பிரிப்போம். பிரிச்ச நாலாவது அஞ்சாவது நாள் கழிச்சல் ஆரம்பிச்சிடும். காலைல உள்ள போனாலே அமோனியா நெடி கண்ணை எரிக்கும், குட்டிங்க வாலடி ஈரமா சிவந்து, வயிறு ஒட்டிப்போய் மூலைல ஒண்ணுமேல ஒண்ணு படுத்துக்கினு இருக்கும். பால் நின்னுபோச்சே, சத்து வேணுமேன்னு நான் மல்லாட்டை (நிலக்கடலை) புண்ணாக்கை ஏத்திக்கினே போனேன், புரோட்டீன் 23 சதவீதத்துக்கு போயிடுச்சு. தப்பே அங்கதான்.

பால் மறந்த குட்டிக்கு வயித்துல ஆசிட் கம்மி. போடுற புரோட்டீன்ல ஒரு பங்கு செரிக்காம பின்குடலுக்கு இறங்கிடும், அங்க கிருமிங்க அதை அழுகவச்சு அமோனியா, அமீன்னு கெட்ட பொருளுங்கள கிளப்பி குடல் சுவரை புண்ணாக்கும், ஈகோலைங்கற கழிச்சல் கிருமிக்கும் கொண்டாட்டம். அதனால பிரிச்ச முதல் ரெண்டு வாரம் 18 சதவீதத்துக்கு பக்கத்துல வச்சா போதும். அதனால குறையுற அமினோ அமிலத்தை (புரோட்டீன் இதுங்களாலதான் ஆனது) மட்டும் தனியா சேர்க்கணும்.

1. சாமான்

100 கிலோவுக்கு நான் போடுற கணக்கு: மக்காச்சோளம் 56 கிலோ, நொய் 12, சோயா புண்ணாக்கு 21, கோதுமை தவிடு 5, மீன் தூள் 3, தாது உப்பு கலவை 2, சாதா உப்பு 300 கிராம், அப்புறம் அமினோ அமிலம் மூணு: லைசின் 450 கிராம், திரியோனின் 150, மெத்தியோனின் 100. கூட்டிப் பார்த்தா புரோட்டீன் பதினெட்டரை கிட்ட வரும்.

மல்லாட்டை புண்ணாக்கு நம்ம ஊர்ல எங்க பார்த்தாலும் கிடைக்கும்தான், ஆனா சோயாவுல இருக்குற லைசின்ல ஏறக்குறைய பாதிதான் அதுல இருக்கு, மழைக்காலத்துல பூஞ்சை புடிச்சா அஃப்ளாடாக்சின்ங்கற பூஞ்சை விஷம் வேற. பெரிய பன்னிக்கு நல்ல சரக்கா பார்த்து போடுங்க, குட்டிக்கு வேணாம். மீன் தூள் வாங்குனா ஒரு கைப்பிடி கண்ணாடி டம்ளர் தண்ணில போட்டு கலக்கி விடுங்க, அடில மணல் தங்குச்சுன்னா அந்த கடையை விட்டுடுங்க.

2. லைசினை விடாதீங்க

நான் மாட்டுனது இந்த இடத்துலதான். முதல் தடவை புண்ணாக்கை மட்டும் குறைச்சேன். மூணே நாள்ல கழிச்சல் நின்னுச்சு, ரொம்ப சந்தோஷம். ஆனா மூணு வாரம் கழிச்சு எடை போட்டா குட்டிங்க ஏறவே இல்ல, முதுகெலும்பு தெரியுது, முடி சொரசொரன்னு நிக்குது. பன்னிக்கு தானியத் தீவனத்துல முதல்ல பத்தாம போறது லைசின், அது குறைஞ்சா மத்த அமினோ அமிலம் எவ்ளோ இருந்தாலும் சதை புடிக்காது.

அடுத்த தடவை லைசின் வாங்கி 100 கிலோ குவியல் மேல தூவி மம்பட்டியால புரட்டுனேன். சில குட்டி நல்லா வந்துச்சு, சிலது அப்படியே நின்னுச்சு. 450 கிராம் அவ்ளோ பெரிய குவியல்ல சமமா சேராது. இப்போ இப்படி செய்றேன்: லைசின், திரியோனின், மெத்தியோனின், உப்பு எல்லாத்தையும் 2 கிலோ சோள மாவுல கையால பிசிறி, அதை இன்னொரு 2 கிலோவோட, அப்புறம் 5 கிலோவோட, பிறகு 10 கிலோவோடன்னு பெருக்கிக்கினே போய் கடைசியில மொத்தத்தோட சேர்க்கணும். பழைய 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்முக்கு நடுவுல பைப் சொருகி சுத்துற மாதிரி செஞ்சு வச்சிருக்கேன், பாதி டிரம் போட்டு பத்து நிமிஷம் சுத்துனா போதும், தார்ப்பாய் மேல கலக்குறதை விட நூறு மடங்கு மேல். எடைக்கு கிராம் காட்டுற டிஜிட்டல் தராசு கட்டாயம் வேணும்.

3. சுண்ணாம்புக்கல் தூள் தனியா போடாதீங்க

வயித்துல இருக்குற கொஞ்சம் ஆசிட்டையும் அது குடிச்சிடும். தாது உப்புல இருக்குற கால்சியமே அந்த ரெண்டு வாரத்துக்கு சரியா போகும்.

4. போடுற விதம்

புதுத் தீவனத்தை பால் குடிக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா காட்டி பழக்கிடுங்க. பிரிச்ச முதல் மூணு நாள் ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை, தொட்டி காலியாகுற அளவு மட்டும். கத்திரி வெயில்ல மத்தியானம் போட்டா திங்காது, விடியகாலைலயும் ராத்திரியும் கூட்டிப் போடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த தீவனத்துக்கு போறப்போ ஒரேயடியா மாத்தாம அஞ்சு நாள்ல மாத்துங்க.

அப்டேட்: சோயா பயறை பச்சையா அரைச்சு போடலாமான்னு கமெண்ட்ல ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. கூடவே கூடாது, பச்சை சோயாவுல இருக்குற டிரிப்சின் இன்ஹிபிட்டர் புரோட்டீனை செரிக்க விடாது, கழிச்சல் இன்னும் அதிகமாகும். கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக் பவுடர் கலக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார், அதை கால்நடைக்கும் தீவனத்துக்கும் 2019லயே நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க. ரத்தம் கலந்து போனா, குட்டி சுருண்டு படுத்தா தீவனத்தை நோண்டாம அன்னைக்கே டாக்டரை கூப்பிடுங்க.

இன்னொரு அப்டேட்: ஆம்பூர் பக்கம் ஒரு தம்பி எல்லாத்தையும் இதே மாதிரி செஞ்சும் கழிச்சல் நிக்கலன்னு எழுதுனார். நாலு மெசேஜ் போன பிறகுதான் தண்ணிய பத்தி கேட்டேன், போர் தண்ணி வாயில வைக்க முடியாத உப்பாம். பாலாறு ஓரம் தோல் தொழிற்சாலை கழிவு இறங்குன நிலத்தடி நீர்ல உப்பும் சல்ஃபேட்டும் அதிகம் இருக்கும், சல்ஃபேட் ஏறுனாலே சின்ன குட்டிக்கு கழியும். பிரிச்ச குட்டிங்களுக்கு மட்டும் வெளியில இருந்து நல்ல தண்ணி கேன்ல எடுத்து வச்சார், அஞ்சாவது நாள் சாணி கெட்டியாச்சுன்னு போட்டோ அனுப்புனார். உங்க போர் தண்ணியை ஒரு தடவை டெஸ்டுக்கு குடுத்துட்டு அப்புறம் சாமான் வாங்க போங்க.