உப்பு போட்ட சாலையில் புது பைக்

பிரிட்டனில் குளிர்காலம் தொடங்கியதும் கிரிட்டர் எனப்படும் உப்புத் தூவும் லாரிகள், சாலையில் பனி உறையாமலிருக்க ராத்திரியோடு ராத்திரியாகப் பழுப்பு நிறக் கல் உப்பைத் தூவிவிட்டுப் போகும். உலோகத்தை அரிக்கும் அந்த உப்பில் புது பைக்கை இறக்கலாமா? தாராளமாக இறக்கலாம், ஆனால் முதல் உப்பு விழுவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும்.

வண்டியை நன்றாகக் கழுவி முழுக்கக் காயவிட்டு, ஏசிஎஃப்-50 மாதிரி துருத்தடுப்பு எண்ணெயைப் போல்ட் தலைகள், ஃபோர்க்கின் அடிப்பாகம், ஒயர் இணைப்புகள் என எல்லா இடத்திலும் துணியாலோ பிரஷ்ஷாலோ தடவுங்கள். டிஸ்க், பிரேக் பேட், டயர் பக்கம் ஒரு துளி கூடப் படக்கூடாது. பூசிய இடமெல்லாம் அழுக்கு ஒட்டி வண்டி அசிங்கமாகத்தான் தெரியும், பரவாயில்லை, குளிர்காலத்தில் பளபளப்பு யாருக்கு வேண்டும்?

புது டயர் வழுக்கும், முதல் 160 கிலோமீட்டர் வரை வளைவில் அதிகம் சாய்க்காதீர்கள், குளிரில் இன்னும் நிதானம் தேவை. உப்பு போட்டாயிற்றே என்று நம்பியும் ஓட்டாதீர்கள், ஏனென்றால் வண்டிகள் ஏறி இறங்கி நசுக்கினால்தான் உப்பு சரியாக வேலை செய்யும், அதனால் ஆள் நடமாட்டமில்லாத அதிகாலைத் தெருவிலும் வெயில் படாத வளைவிலும் பாலத்தின் மேலும் பனிக்கட்டி அப்படியே கிடக்கலாம். டிஸ்க்கில் உப்புத் தண்ணீர் படிந்திருந்தால் முதல் தடவை பிரேக் லேசாகத் தாமதித்துத்தான் பிடிக்கும், அவ்வப்போது மெதுவாக அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இஞ்சின் கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் வெறும் பச்சைத் தண்ணீர். வெந்நீர் வேண்டாம், சூடு பட்டால் உப்பின் அரிப்பு வேகமெடுக்கும். வாரக் கடைசியில் ஷாம்பூ போட்டு ஒரு மணி நேரம் தேய்ப்பதைவிட தினமும் ஐந்து நிமிடம் ஹோஸ் பிடிப்பதுதான் வண்டியைக் காப்பாற்றும். மட்கார்டின் உட்புறம், பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிபரின் இடுக்கு, ரேடியேட்டர், பின் ஷாக்கின் அடி, இந்த இடங்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு சீசன் கவனிக்காமல் விட்டால் அலுமினியத்தில் பெயின்ட் கொப்பளித்து, அடியில் பூஞ்சை மாதிரி வெள்ளைப் பொடி கிளம்பும், அதற்குமேல் பாலிஷ் போட்டுப் பயனில்லை. பிரஷர் வாஷரை பேரிங், செயின் பக்கம் நீட்டாதீர்கள். பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம், பலவற்றில் உப்புதான் சேர்த்திருக்கிறார்கள்!

செயினை மண்ணெண்ணெய் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, உள்பக்கமாகச் செயின் லூப் (மசகு) அடியுங்கள். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் செயினில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும்.

கழுவிய பிறகு தெருவில் ஒரு சுற்றுப் போய் பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவையுங்கள், இல்லையென்றால் காலையில் பேட் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது மகா மோசம், காற்று போகிற உறையாக வாங்குங்கள். வசந்தம் வந்து இரண்டு மூன்று நல்ல மழை பெய்து சாலை கழுவப்பட்ட பிறகு காலிபரைக் கழற்றி பிஸ்டனைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது சர்வீஸில் சொல்லிச் செய்யவையுங்கள்.