இயற்கை முறையில் சோயா மொச்சை: விதைப்பும் களையெடுப்பும்

சோயா என்றதும் நம் வீடுகளில் மீல்மேக்கர்தான் நினைவுக்கு வரும். அந்தப் பயிரை வயலில் பார்த்தவர்கள் வடசென்னையில் மிகக் குறைவு. ஆனாலும் மணலி புதுநகரைத் தாண்டிக் கொசஸ்தலை ஆற்றை ஒட்டியும், மீஞ்சூர் செல்லும் வழியிலும் நெல் போடாமல் விட்டிருக்கும் துண்டு நிலங்களில் இதைத் தாராளமாகப் பயிரிடலாம். களைக்கொல்லியைத் தொடாமல் விளைவிக்க வேண்டுமானால், களையோடு செய்யும் வேலையில் பாதியை விதைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதே நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ வரிசை ரகங்கள் ஏறத்தாழ 75 முதல் 90 நாட்களுக்குள் அறுவடைக்கு வந்துவிடும். நமக்கு வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவதால், ஆடி பிறப்பதற்குச் சற்று முன்பாக, ஜூலை முதல் பாதியிலேயே விதைத்துவிட்டால் காய்கள் மழையில் நனையாமல் வீடு வந்து சேரும். மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரில் பல பத்தாண்டுகளாகக் கடல்நீர் ஏறியிருப்பதால், கிணற்று நீரை நம்பி இறங்குபவர்கள் அதன் உப்புத்தன்மையை முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

சித்திரையில் கோடை உழவு போடும்போது முதல் குறி கோரையாக இருக்கட்டும். ரோட்டவேட்டரை ஓட்டினால் கோரைக்கிழங்குச் சரங்கள் துண்டாகி வயல் முழுவதும் பரவிவிடும்; சட்டிக்கலப்பையால் புரட்டிப் போட்டு, கிழங்குகள் கத்திரி வெயிலில் காய்ந்து சுருங்கும்படி விட்டு, மேலே கிடப்பவற்றைக் கையால் பொறுக்கி எடுப்பதே நல்லது. இது சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் கோரைக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வருவதுதான் முழு வேலையின் உயிர்நாடி. நிலத்தை விதைப்புக்குத் தயாராகச் சமன் செய்துவிட்டு, விதைக்காமல், ஒரு தண்ணீர் மட்டும் விட்டுப் பத்து நாட்கள் காத்திருங்கள். மேல்மண்ணில் உறங்கிக்கொண்டிருந்த சாரணை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, குதிரைவாலிப் புல் எல்லாம் ஒரே நேரத்தில் முளைத்துவிடும். அவை இரண்டு இலை விடும் நேரத்தில், வெயில் ஏறிய பிறகு, இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்காதபடி மண்ணை மேலோட்டமாகச் சுரண்டி அழிக்க வேண்டும். ஆழமாகக் கிளறினால் கீழே கிடக்கும் விதைகள் வெளிச்சத்துக்கு வந்து புதிதாக முளைக்கும். செய்த வேலை முழுவதும் வீணாகும். அவகாசம் இருந்தால் இதை இரண்டு முறை செய்வது இன்னும் நல்லது. நான் இரண்டு முறை செய்த ஆண்டில், பின்னர் களையெடுக்க அழைக்க வேண்டிய ஆட்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

தொழுவுரத்திலும் கவனம் வேண்டும். வியாசர்பாடி, மாதவரம் பக்கங்களில் சாணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் சரியாக மக்காத எருவில் மாடு தின்ற புல்லின் விதைகள் உயிரோடு இருக்கும். ஒருமுறை அவசரப்பட்டு ஒரு தொழுவத்திலிருந்து அரைகுறையாக மக்கிய எருவை வாங்கிப் போட்டேன். அதுவரை என் நிலத்தில் இல்லாத புல் வகைகள் அந்த ஆண்டுதான் வந்து சேர்ந்தன. எருவை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள்: சாணி வாடை போய், மழை விழுந்த மண்ணின் வாசனையோடு பொலபொலவென்று உதிர்ந்தால்தான் அது வயலுக்கு ஏற்றது.

சோயா விதையின் தோல் மெல்லியது, முளைப்புத்திறனும் சேமிப்பில் விரைவாகக் குறையும். ஆகவே மளிகைக் கடைப் பருப்பை விதைக்காதீர்கள். நூறு விதைகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஐந்தாறு நாளில் குறைந்தது எழுபது விதைகளாவது முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு, சோயாவுக்கென்றே தரப்படும் ரைசோபியம் என்ற, வேரில் முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையின் மீது பூசி, நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 5 சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ 30 கிலோ விதை பிடிக்கும். இந்த நெருக்கத்தில்தான் இலைகள் சீக்கிரம் கூடி மண்ணுக்கு நிழல் தரும். மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும். நம் களிமண்ணில் மழைக்குப் பின் மேலே ஓடு கட்டினால் முளையின் கழுத்து முறிந்துவிடும் என்பதால், பார் (நீளமான மண் மேடு) பிடித்து விதைத்து, விதைத்த வரிசையின் மீது மக்கிய எருவை மெல்லியதாகத் தூவிவிடுவது உதவும்.

முளைத்த பிறகு முதல் நாற்பது நாட்கள்தான் கணக்கு. பத்தாம் நாளில் வரிசைகளுக்கு நடுவே மண்ணை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளை நூல்போல மெல்லிய முளைகள் தெரிந்தால் சக்கரக் களைக்கருவியை ஓட்ட அதுவே தருணம், ஏனெனில் அந்த நிலையில் கருவி பட்டதும் அவை காய்ந்துவிடும். இலை விட்ட பிறகு அதே களைக்கு மூன்று மடங்கு உழைப்பு தேவைப்படும். கருவியின் தகடு 15 சென்டிமீட்டர் அகலத்தில் இருந்தால் செடியின் வேரில் படாது. பிறகு இருபதாம் நாளிலும் முப்பத்தைந்தாம் நாளிலும் களைக்கொத்தால் செடியை ஒட்டியவற்றை எடுக்க வேண்டும்.

இங்கே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாலை நேரத்து இடிமழை வழக்கம். காலையில் பிடுங்கிய சாரணையையும் பருப்புக்கீரையையும் வயலிலேயே விட்டால் மாலை மழையில் மீண்டும் வேர் பிடித்துக்கொள்ளும். அதனால் கூடையில் சேர்த்து வரப்புக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்குங்கள். அதை மாட்டுக்குப் போடக் கூடாது. இரண்டாம் களைக்குப் பின் வரிசைகளுக்கு நடுவே வைக்கோல் மூடாக்கு இட்டால் ஈரமும் தங்கும், களையும் அடங்கும்.

பூக்கத் தொடங்கிய பின் மண்ணைக் கிளறாதீர்கள். அப்போது ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது என்று பொருள். அதன்பின் இலைக்கூட்டத்துக்கு மேலே தலை நீட்டும் களைகளை மட்டும், அவை விதை முற்றும் முன், வாரம் ஒருமுறை கையால் பிடுங்கினால் போதும்.