கோவிலுக்குப் பெரிய வரலாற்று ஓவியம் தீட்டும் முறை

சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கோவில் ஒன்றுக்கு 12 அடி நீளம், 8 அடி உயரத்தில் ஓவியம் வேண்டுமென்று பங்குத்தந்தை கேட்டால், 1623இல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி இந்தப் பக்கம் வந்த காட்சியை எடுத்துக்கொள்ளலாம். 1577இல் இத்தாலியில் பிறந்து, 1606இல் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் என்று அறியப்பட்டவர் அவர். சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவருக்கு ஆதரவளித்தார் என்பதால், காட்சி நம் மண்ணிலேயே நிகழ்கிறது.

தூரிகையைத் தொடுமுன் பிழைகளைக் களைய வேண்டும். நோபிலிக்குக் கறுப்பு அங்கி போடக்கூடாது. அவர் துறவியைப் போலக் காவி உடுத்தி, பாதக்குறடு அணிந்தவர். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715இல்தான் என்பதால், அவர் கையில் அச்சிட்ட தமிழ் விவிலியம் இருக்க இயலாது, ஓலைச்சுவடியே பொருந்தும். பின்புலத்தில் சேர்வராயன் மலையும் பனையும் வெள்வேலமும் வரலாம். இன்று கண்ணில் படும் சீமைக்கருவேலம் 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது, ஆகவே வேண்டாம். தலைமுறை தலைமுறையாக மக்கள் முழங்காலிட்டுப் பார்க்கப்போகும் படத்தில் பொய் நுழையக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அடுத்ததாக, பழைய வேட்டிகளை ஒட்டுத் தைத்து, அதே அளவில் சுவரில் தொங்கவிட்டு, காலை, மாலைப் பூசை நேரங்களில் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து பார்க்கவும். எந்த ஜன்னலின் வெளிச்சம் எங்கே அடிக்கிறது, எந்தத் தூண் எதை மறைக்கிறது என்பதெல்லாம் அப்போது விளங்கும். முதன்மை முகம் 10 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அங்கிருந்து கண்கள் தெரியும்.

சோமனூர், பல்லடம் தறிகளில் மலிவாகக் கிடைக்கும் காடா துணி இதற்குத் தாங்காது. கனமான கேன்வாஸ் வாங்கி, குறுக்குச் சட்டங்கள் கொடுத்த தேக்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சை மூன்று முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். 12க்கு 8 அங்குலத்தில் வரைந்த மாதிரியை அங்குலக் கட்டங்களாகப் பிரித்தால், கேன்வாஸில் ஓர் அடிக்கு ஓர் அடியாக 96 கட்டங்கள் வரும். கரிக்கோலால் அவற்றை மாற்றிக்கொள்வது எளிது.

எண்ணெய் வண்ணத்தின் முதல் பூச்சு டர்பன்டைன் கலந்து மெல்லியதாகவும், மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் கூடியும் இருக்க வேண்டும். மாறிச் செய்தால், அடிப்பூச்சு காயுமுன் மேற்பூச்சு இறுகி, நாளடைவில் வெடிப்பு விழும். இதை மாசியில் தொடங்கி வைகாசிக்குள் முடிக்கவும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று எங்கள் ஊரில் புழுதியை வாரி இறைக்கும். ஒருமுறை ஈரமான முகத்தின் கன்னத்தில் மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டு, அந்தக் கன்னத்தை முழுவதும் சுரண்டி மறுபடி தீட்டினேன்.

கோவில் கதவின் அகலத்தைத் தொடக்கத்திலேயே அளந்துகொள்ளவும். நுழையாவிட்டால் சட்டத்தைக் கழற்றி, ஓவியத்தை வண்ணம் வெளிப்புறமாக இருக்கும்படி சுருட்டி எடுத்துச் சென்று, உள்ளே மீண்டும் கட்டலாம். மழைநீர் ஊறும் சுவரோடு ஒட்டாமல், மரக்கட்டைகள் வைத்து ஓர் அங்குலம் இடைவெளி விட்டு மாட்டவும். வார்னிஷ் அடிக்க அவசரப்படாமல் ஓராண்டு காய விடவும். அதற்கிடையில் மெழுகுவர்த்தித் தாங்கியைப் படத்திலிருந்து தள்ளி வைக்கும்படி உபதேசியாரிடம் சொல்லிவிடவும்.