கமிஷன் தகராறு: நடுவர் தீர்ப்பை எதிர்த்து மனுப் போடும் முன்

ஆர்பிட்ரேஷனில் (நடுவர் விசாரணையில்) தோற்றவர்கள் பலர், தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் பிரிவு 34 மனுவை மேல்முறையீடு போல எழுதிவிடுகிறார்கள். 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டப்படி, நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோடாது.

முதலில் தேதியைப் பாருங்கள். கையெழுத்திட்ட தீர்ப்பு கட்சிக்காரர் கைக்கு வந்த நாள் தொடங்கி 3 மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். அதற்குப் பின் ஒரு நாள்கூடக் கிடையாது. 3 மாதம் கோடை விடுமுறையில் முடிந்தால் கோர்ட் திறக்கும் அன்று போடலாம். அந்த 30 நாள் விடுமுறையில் முடிந்தால் இந்தச் சலுகை இல்லை; பலர் சறுக்குவது இங்கேதான். வெறும் கூட்டல் பிழை என்றால் தீர்ப்பு கிடைத்த 30 நாளுக்குள் நடுவரிடமே பிரிவு 33-இன் கீழ் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, ஒப்பந்தத்தையும் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆர்டரைப் பிடித்துக் கொடுத்தது கமிஷன் கேட்கும் ஏஜென்ட்தானா என்பது சாட்சியத்தைப் பொறுத்த கேள்வி. நடுவர் சொன்னதே முடிவு. ‘விற்பனை மதிப்பு’ என்பதில் வரி சேருமா என்ற இடத்தில் இரண்டு பொருள் கொள்ள முடிந்தால், அவர் எடுத்த பொருள் நிற்கும். ஆனால் வசூலான தொகைக்கு 2% என்று தெளிவாக எழுதியிருக்க, வசூலாகாத பில்லுக்கும் சேர்த்து 3% கொடுத்திருந்தால், அது ஒப்பந்தத்தையே மாற்றி எழுதுவது. சான்றே இல்லாத முடிவு, மறுதரப்புக்குக் காட்டாத ஆவணத்தை நம்பியது, காரணமே சொல்லாதது ஆகியவையும் எடுபடும். 2019-இல் சங்யாங் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இது. ஒரு தரப்பு வெளிநாட்டு நிறுவனம் என்றால் ‘வெளிப்படையான சட்டவிரோதம்’ (தீர்ப்பைப் படித்தாலே தெரியும் சட்டப் பிழை) என்ற காரணம் கிடைக்காது.

மனுப் போட்டதாலேயே தீர்ப்பின் அமலாக்கம் நின்றுவிடாது. பிரிவு 36-இன் கீழ் தனியாகத் தடை கேட்க வேண்டும். பணத் தீர்ப்பு என்பதால் தொகையைக் கட்டச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

‘3 சதவீதத்தை 2 ஆக்குங்கள்’ என்று கேட்பது பெரும்பாலும் வீண். 2025 ஏப்ரல் 30 அன்று, சென்னையிலிருந்து போன காயத்ரி பாலசாமி வழக்கில், பிரித்தெடுக்கக்கூடிய பகுதியை நீக்குவது, எழுத்து, கணக்குப் பிழை, தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி போன்ற சிலவற்றில் மட்டுமே திருத்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே தீர்ப்பின் எந்தப் பகுதி தவறோ, அதை மட்டும் தனியாகப் பிரித்து ரத்து கேளுங்கள்.