காட்டுப் பயணத் திரில்லர் நாவலுக்கு வாசகர் கருத்து எழுதும் முறை

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தை அடுத்த எங்கள் ஊர் நூலகத்தில், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, முன்கூட்டியே முடிவு செய்த ஒரு நாவலைப் பற்றிப் பேசுவது வழக்கம். பேச வருமுன் ஒவ்வொருவரும் அரைப் பக்கமாவது எழுதி வர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தத் தாள்களை வாங்கிப் படித்து அடுக்கி வைப்பவன் என்ற முறையில், மைக்கேல் கிரைட்டன் 1980-இல் வெளியிட்ட, ஆப்பிரிக்கக் காட்டுக்குள் வைரம் தேடிப் போகும் ஒரு குழுவின் கதையான ‘காங்கோ’ போன்ற நாவல்களுக்குக் கருத்து எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் ‘விறுவிறுப்பு’ என்ற சொல்லைத் தாளில் எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த நாவலைப் பேசிய மாதத்தில் வந்த பதினொரு தாள்களில் ஒன்பதில் அந்தச் சொல் இருந்தது. என் தாளிலோ இரண்டு முறை இருந்தது. அது பொய்யான சொல் அல்ல; ஆனால் படித்தவருக்கு அதனால் ஒன்றும் தெரிய வருவதில்லை. அதற்குப் பதிலாக, இரவுச் சோற்றுக்குக் கூப்பிட்டும் எந்தப் பக்கத்தில் எழ மனமில்லாமல் இருந்தீர்கள், எந்தப் பக்கத்தில் கொட்டாவி விட்டுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தீர்கள் என்று எழுதினால், அந்த இரண்டு பக்க எண்களை வைத்தே ஒரு மணி நேரம் பேசலாம். இதற்காகப் படிக்கும்போதே துண்டுச் சீட்டுகளைச் செருகி வையுங்கள். நூலகப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால்கூட எழுத வேண்டாம்.

இவ்வகை நாவல் வாசகனுக்கு இரண்டு உறுதிகளைத் தருகிறது. ஒன்று, காட்டுக்குள் அழைத்துச் செல்வேன் என்பது. மற்றொன்று, இன்னும் பரவலாகாத ஒரு கருவியைக் காட்டுவேன் என்பது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் கருத்து குழம்பிவிடும். ஆகவே தனித்தனியாக எடுத்துக்கொள்வது நல்லது.

காட்டைப் பொறுத்தவரை, நம் மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு வசதி உண்டு. பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு, ஆசிரியர் எந்த இடத்தில் காட்டைக் கண்டு எழுதினார், எந்த இடத்தில் கற்பனையால் நிரப்பினார் என்பது உடம்பாலேயே தெரியும். எங்கள் கூட்டத்துக்கு வரும் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர், விடியுமுன் தலைவிளக்கு கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டு, பத்து மணிக்கு மேல் கையில் பால் வாடையோடு வந்து உட்காருவார். அவர் எழுதி வந்தது ஒரே வரி: “சாரே, மூணு நாள் விடாமல் மழை என்று எழுதியிருக்கிறான், அன்று ராத்திரி தீ மூட்ட விறகு எங்கிருந்து கிடைத்தது?” அவர் கேட்டது வேறொரு சாகச நாவலைப் பற்றி. அந்த மாதம் வந்த தாள்களில் ஆகச் சிறந்த கருத்து அதுதான் என்பது என் எண்ணம். மழை பெய்தால் அன்றைய வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்று வாழ்பவர் மட்டுமே அந்த இடத்தில் நின்று கேட்க முடியும்.

அட்டைக் கடியையும் இப்படிச் சோதிக்கலாம். அட்டை கடிக்கும்போது பெரும்பாலும் தெரிவதில்லை. காலில் இரத்தம் வழிவதைக் கண்டபின்தான் தெரியும். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறைய விடாததால் அது கழன்று விழுந்த பிறகும் ஒழுக்கு நிற்பதில்லை. அட்டை பட்டவுடன் கதாநாயகன் அலறினால், ஆசிரியர் காட்டுக்குப் போகவில்லை என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை. அதேபோல, முதிர்ந்த மழைக்காட்டின் உட்பகுதியில் வெளிச்சம் குறைவாக இருப்பதால் தரைப் புதர்கள் அவ்வளவாக அடர்வதில்லை. ஆற்றங்கரையிலும் மரம் விழுந்து வெயில் பட்ட இடங்களிலும்தான் கொடியும் முள்ளும் பின்னிக் கிடக்கும். அடிக்கு அடி வெட்டுக்கத்தியால் வழி திறந்துகொண்டே போகும் பக்கங்களை இந்தக் கண்ணோடு படியுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ‘காங்கோ’ கதை நடக்கும் ஆப்பிரிக்காவின் விருங்கா மலைத்தொடர் நம் அகத்தியமலை அன்று. அங்கே மனிதக் குரங்கு உண்டு, எரிமலை உண்டு. நாவலில் வரும் முகென்கோ என்ற எரிமலையின் பெயர் புனைவு என்றாலும், அதே மலைத்தொடரில் உள்ள நைராகோங்கோ 1977 ஜனவரியில் மெய்யாகவே வெடித்தது. எனவே ‘இப்படியெல்லாம் நடக்குமா’ என்று எழுதுமுன் வரைபடத்தைப் பார்ப்பது முறை.

கருவிக்கு வருவோம். கதை 1979 ஜூனில் நடக்கிறது. செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தோடு பேசிக்கொண்டே குழு காட்டில் நடக்கிறது. கையில் திறன்பேசி வைத்திருக்கும் இளைஞர்கள் இதைப் படித்துச் சிரித்துவிட்டு, ‘பழையது’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது நியாயமாகாது. 1972-இல் ஏவப்பட்ட பூமியைப் படமெடுக்கும் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறக்குறைய 80 மீட்டர். அந்த ஆண்டுகளின் அளவுகோலைக் கையில் எடுத்தால்தான் ஆசிரியர் எவ்வளவு தூரம் தாவியிருக்கிறார் என்பது விளங்கும். குழு தேடிப் போகும் நீல வைரத்துக்குப் பின்னாலும் மெய்யான அறிவியல் இருக்கிறது: போரான் கலந்த வைரம் நீலமாகவும் இருக்கும், மின்னணுக் கருவிகளுக்கு அடிப்படையான குறைகடத்தியாகவும் செயல்படும். சைகை மொழியில் 620 சொற்கள் அறிந்த ஏமி என்ற கொரில்லாவைப் படிக்கும்போது, 1971-இல் பிறந்து சைகை கற்ற கோக்கோ என்ற மெய்யான கொரில்லா நினைவுக்கு வரும். விலங்குகள் சைகைகளைக் கோத்து வாக்கியம் அமைக்கின்றனவா என்ற ஐயத்தை, நிம் என்ற சிம்பன்சியை ஆராய்ந்த ஹெர்பர்ட் டெரஸ் 1979-இல் வெளிப்படையாக எழுப்பினார். நாவல் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. இப்படி, எது உண்மை, எது அன்றைக்கு நம்பத்தக்கது, எது துணிந்த புளுகு என்று ஒரு கருவியையாவது பிரித்துக் காட்டினால் போதும். எல்லாக் கருவிகளையும் சோதிக்கத் தொடங்கினால் அது கருத்தாக இராமல் ஆய்வறிக்கையாகிவிடும். நடந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வது போன்ற முன்னுரையையும் தாண்டிப் போய்விடாதீர்கள். அதுவும் புனைவின் ஒரு பகுதியே.

எங்கள் தாள்களில் மிகக் குறைவாக எழுதப்படுவதும், நான் மிகவும் எதிர்பார்ப்பதும் சுமை தூக்குவோரைப் பற்றியது. இக்கதையில் கென்யாவின் கிக்கூயு இனத்தவர் மூட்டை சுமந்து வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது, எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள், ஒருவர் இறந்தால் எத்தனை வரி ஒதுக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். வழி கண்டுபிடித்தது கணினியா, கால் பழகிய மனிதரா என்றும் கேளுங்கள். நமக்கு இது தொலைவான கேள்வி அன்று. 1987-இல் அகத்தியமலையில் தாவர ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் என்னும் மலைப் பழங்குடியினர் ஒரு செடியின் காயைத் தின்றுவிட்டுக் களைக்காமல் நடப்பதைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. வருவாயில் காணிக்காரர்களுக்கும் பங்கு என்ற ஏற்பாடு பிறகு வந்தது. பேச்சிப்பாறைக்கு மேலே இன்றும் காணிக் குடியிருப்புகள் உள்ளன. அந்த வழிகாட்டியின் இடத்தில் நின்று நாவலை மறுபடி ஒரு முறை புரட்டினால், எழுதுவதற்குப் பொருள் தேட வேண்டியதில்லை.

மீதி சிறு குறிப்புகள். 1995-இல் வந்த திரைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாவலைப் பற்றி எழுத வேண்டாம். எங்கள் கூட்டத்தில் அப்படி வந்த தாள் ஒன்று இரண்டாவது வரியிலேயே பிடிபட்டது. முடிவைச் சொல்ல நேர்ந்தால் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பில் படித்திருந்தால் அதைக் குறிப்பிடுங்கள், ஏனெனில் இடறிய வாக்கியம் யாருடையது என்பது தெரிய வேண்டும்.

தாள்களைத் தொகுப்பவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் முதலில் படிக்க வேண்டியது புத்தகம் பிடிக்காதவரின் தாளை. பாராட்டில் தொடங்கினால் மாற்றுக் கருத்துள்ளவர் தம் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறார். தேநீர் வந்த பிறகு அதை வெளியே எடுக்க வைப்பது எளிதாக இருப்பதில்லை.